மஞ்சள் வளையம்

"எவனோ ஒருத்தன் என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கான்! அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும்..."

டென்சில் போட்ட சத்தத்தில் கார்ன்வால் துறைமுகத்துக் கடற்பறவைகளே எழும்பிப் பறந்தன.

மாதக் கடைசியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு, ஒப்பந்தம் இல்லாமலே வெளியேறப் போகிறது என்று பேச்சு. உடனே பிரெஞ்சு வியாபாரி, டென்சிலின் சிங்கி இறால் வேண்டாம் என்றுவிட்டான்.

ஆனால் பக்கத்துப் படகுக்காரன் பெர்ரனின் லாரி மட்டும் செவ்வாய்தோறும் பிரான்சுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"வெளியேறவே கூடாதுன்னு ஓட்டுப் போட்ட பய! அவனுக்கு மட்டும் எப்படிப் போகுது? அவன்தான் என்னைப் பத்தி வத்தி வெச்சிருக்கான்."

"உங்க சரக்கைத்தான் பிளைமவுத் ஓட்டல்காரம்மா மொத்தமா எடுத்துக்கறாங்களே. அப்புறம் என்ன வயித்தெரிச்சல்?" என்றாள் மனைவி லொவேனா.

"அது என் சாமர்த்தியம். இவன் குட்டு உடையணும்!"

பொறாமைக்கு ஏணி எதற்கு? துறைமுகத்தில் நின்ற பெர்ரனின் லாரி மேல் ஒரே தாவில் ஏறி, ஒரு பெட்டியின் மூடியைப் பிடுங்கினான் டென்சில்.

சிங்கிகளின் கொடுக்குகளில் மஞ்சள் ரப்பர் வளையம். அடுத்த பெட்டியிலும் மஞ்சள்.

கடிக்காமலிருக்க மாட்டும் வளையத்தில் படகுக்கு ஒரு நிறம். பெர்ரன் மாட்டுவது நீலம். மஞ்சள், டென்சிலுடையது.

"திருட்டுப் பயலே! என் சரக்கு உன் வண்டியில எப்படிடா?"

"கத்தாதே. அந்த ஓட்டல்காரம்மா என் சித்தி பொண்ணு. அவ மூலமா வாங்கறது நான்தான்," என்றான் ஓடி வந்த பெர்ரன். "நான் நேரா வந்து கேட்டா நீ கொடுத்திருப்பியா?"

"அப்ப உன் சரக்கு?"

"கூண்டோட கடலுக்குள்ள கிடக்கு. பிரெஞ்சுக்காரன் என்கிட்ட வாரத்துக்கு இருபது பெட்டிதான் எடுக்கறான். அதுல உன்னோடது போகட்டும்னு விட்டேன். உன் படகை நம்பி மூணு குடும்பம் சாப்பிடுது. நான் ஒண்டிக்கட்டை."

டென்சிலின் குரல் இறங்கியது. வீம்பு இறங்கவில்லை.

"அப்ப என்னைக் கெடுத்தவன் யாரு?"

பெர்ரன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினான்.

"வெளியேறினப்புறமும் சரக்கு அனுப்பணும்னா பதிவு வேணும்னு, கோடையில எல்லாருக்கும் இந்தப் படிவத்தைக் கொடுத்தாங்க. பிரெஞ்சுக்காரன் கேக்கறதும் இதைத்தான். 'அவங்களே நம்மகிட்ட கெஞ்சிக்கிட்டு வருவாங்க'ன்னு சொல்லி, இதே இடத்துல ஒருத்தன் கிழிச்சுக் கடல்ல வீசினான். அவனுக்குத்தான் இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்கேன். இப்பவாவது வந்து கையெழுத்துப் போட்டுச் சரி பண்ணச் சொல்லு அவனை!"