மூன்றாம் மாடி மணி

“நான்தான்னு சொல்றேனே, எழுதிக்கம்மா” என்றார் அலுவலகக் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபைல் அக்கா.

ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலகங்களில் மின் சிகரெட் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்க வந்தவள் அவள். இந்த மூன்றாம் மாடியில் மட்டும் ஒரே மாதத்தில் ஐந்து முறை புகை மணி அலறியிருக்கிறது. அலறினால் வேலையைப் போட்டது போட்டபடி எல்லாரும் படியிறங்கி வாசலுக்கு ஓடியாக வேண்டும்.

“அக்கா, உங்களுக்கு வயசு ஐம்பத்தாறு. பையில இன்ஹேலர் எட்டிப் பாக்குது. நீங்க வேப் பிடிக்கிறீங்களாக்கும்?”

“ஏன், எங்களுக்கெல்லாம் ஆசை இருக்கக் கூடாதா?”

“எல்லாரும் அந்தப் புதுப் பொண்ணைத்தான் கை காட்டறாங்க. அஞ்சு தடவையும் கண்ணு சிவந்து, கை வெடவெடன்னு நடுங்க, கடைசியா இறங்கி வந்தது அவதானாம். மேனேஜர் வேற, பேரைக் குடுங்க, இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்னு குதிக்கிறார். நான் யார் பேரையும் குடுக்க மாட்டேன். அவளை அந்தப் பழக்கத்துலேருந்து வெளிய கொண்டுவரத்தான் கேக்கறேன்.”

“அவளை விட்டுடும்மா. பச்சப் புள்ள. இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவா?”

அக்கா கைப்பையைத் துழாவி, நீலக் குழல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “பாத்துக்கோ. என் பையன்கிட்டேருந்து பிடுங்கினது.”

“என்ன ருசி இது?”

“ருசியா? அதை யாரு கண்டா? இழுத்தா இருமல்தான் வருது. அன்னிக்கு ராத்திரி முழுக்க நெஞ்சு இழுக்குது.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“தினமும் இல்ல. மாசத்துக்கு அஞ்சு.”

பெண் பேனாவை மூடினாள். அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பிடித்தும் போயிற்று.

“நிஜமாப் பழக்கம் உள்ளவங்க மொட்டை மாடிக்குப் போவாங்க அக்கா. மணிக்கு நேர் கீழ நின்னு ஊத மாட்டாங்க. அவளுக்காக எதுக்கு இந்தப் பழியைத் தலையில போட்டுக்கறீங்க?”

“பழி இல்லம்மா, ஊதினது நான்தான்.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “புகார் குடுக்கலாம்னா, புகாரை வாங்கறவரே மேனேஜர்தான். அவர் அந்தப் புள்ளையத் தனியா ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா, மணி அடிச்சாத்தானேம்மா திறக்கறாரு!”