அசல் தேய்மானம்

“இதென்ன தம்பி, சிகரெட் சுட்ட அடையாளமா?”

வந்து கதிரையில் இருக்கக்கூட இல்லை, அதற்குள் அந்த அம்மாவின் விரல் கிட்டாரின் தலையில் இருந்த கறுப்புப் புள்ளியில் போய் நின்றது. நிதுர்ஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவரை பார்க்க வந்த ஒருவர் கண்ணிலும் படாத வடு அது.

“ஓமம்மா. வாசிக்கக்குள்ள சிகரெட்டக் கம்பி நுனியில குத்தி வைக்கிறது. முந்தின பழக்கம்.”

“இப்ப?”

“விட்டுட்டன். போன தைப்பொங்கலோட.”

“ம்...” அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கிட்டாரைத் திருப்பினார். ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து, வீட்டுப் பிள்ளைக்கு என்று சொல்லி ஆட்டோவில் வந்து இறங்கியவர். பூசணிக்காய் பார்ப்பதுபோலத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

பார்க்கட்டும். நிதுர்ஷனுக்கு வேண்டியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிட்டார் வீட்டைவிட்டுப் போவதுதான். அன்றைக்குத்தான் கல்குடாவிலிருந்து பெண் வீட்டார் அவனைப் பார்க்க வருகிறார்கள். கலியாணப் புரோக்கர் வீரகத்தி கறாராகச் சொல்லிவிட்டார்: “கலியாணம் முடிச்சு நீ போய் இருக்கப்போறது பொண்ணுட ஊட்ட. கிட்டாரோட போய் நிண்டா கூத்தாடி எண்டுவாங்க. சத்தமில்லாம வித்துப்போடு.”

கோயில் திருவிழா மேடையெல்லாம் தன்னோடு ஏறி இறங்கிய கிட்டார். விற்க மனமே இல்லை. ஆனால் வீரகத்தி காட்டிய படத்தில் அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“இந்த வெடிப்பு? கோவத்தில தூக்கி எறிஞ்சதா?”

“எறியிறதா! நல்ல கதை. தோள்பட்டியைச் சரியாக் கொழுவாம மேடையில எழும்பினன், விழுந்திட்டு. என்ட பிழைதான்.” நிதுர்ஷன் நகத்தை வெடிப்பின்மேல் ஓட்டிக் காட்டினான். “பாருங்க, நகம் உள்ள போகல்ல. பெயின்ட் மட்டும்தான் வெடிச்சிருக்கு. மரத்துக்கு ஒண்டுமில்ல.”

“மேல்பக்கம் பெயின்டே இல்லையே?”

இப்போது அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கிட்டார் விஷயத்தில் வாழைச்சேனையில் அவனை மடக்க ஆள் கிடையாது.

“அது கை கிடந்து தேஞ்சது. சில ஆக்கள் பழைய சாமான் எண்டு காட்ட சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ப்பாங்க. அப்பிடித் தேச்சா எல்லா இடமும் ஒரேமாதிரி இருக்கும். இது முழங்கைப் பக்கம் கூட, மணிக்கட்டுப் பக்கம் குறைவு. அசல் தேய்மானம்!”

“அப்ப ஒவ்வொரு நாளும் வாசிச்சிருக்கிறீங்க.”

“ஐஸ் பெக்டரியில வேலை முடிஞ்சு வந்தா இதுதான்.”

“கூட்டாளிமாரோட ஊர் சுத்துறல்லையோ?”

“இதை வச்சிட்டு எங்கம்மா சுத்துற?”

அம்மாவின் பார்வை கிட்டாரின் தலைக்குத் திரும்பியது. பொன்னெழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது பெரிய அமெரிக்கக் கம்பனி ஒன்றின் பெயர்.

“அமெரிக்காச் சாமானா?”

நேற்று ஓட்டமாவடியிலிருந்து வந்த சரீப் இந்தப் பெயரைக் கண்டதும் சொன்ன விலைக்கே எடுக்க நின்றார். உண்மையைச் சொன்னதும் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனவர்தான். இந்த அம்மாவும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வேறு யாரும் வரப்போவதில்லை. ஒரு ‘ஓம்’ சொன்னால் காரியம் முடிந்தது. பாழாய்ப்போன வாய்க்கு அது வரவில்லை.

“பேர் மட்டும்தானம்மா அமெரிக்கா. ஆரோ ஒட்டின ஸ்டிக்கர். கழுத்து ஜப்பான், உடம்பு எந்த ஊரோ தெரியா. நானும் ஏமாந்துதான் வாங்கினன். ஆனா சத்தத்தில ஒரு குறையும் சொல்ல ஏலா. கேளுங்க.”

வாங்கி மடியில் வைத்து வாசித்தான். கடைசித் தடவை என்ற நினைப்பில் விரல்கள் தாமாகவே ஓடின. நிறுத்தியபோது அம்மாவின் கால் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“இவ்வளவு ஆசையா வாசிக்கிற நீங்க, ஏன் விக்கிறீங்க?”

“கலியாணம் ஒண்டு பேசியிருக்கம்மா. அங்க கிட்டார் எண்டா பிடிக்காதாம். புரோக்கர் சொன்னார்.”

“நீங்க கேட்டுப் பார்த்தீங்களா?”

“கேட்டு, அவங்க வேணாமெண்டுட்டா?” நிதுர்ஷனின் குரல் இறங்கிப்போனது. “எனக்கு அந்தப் பிள்ளையை விட ஏலாம்மா.”

அம்மா எழுந்து சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார்.

“எனக்குக் கிட்டார் வேணாம் தம்பி.”

நிதுர்ஷனுக்கு முகம் செத்துப்போனது. “உள்ளதச் சொன்னதுக்கா அம்மா?”

“ஆருக்கும் வித்துப்போடாதீங்க. எங்கட ஊட்ட வரக்குள்ள அதையும் தூக்கிட்டு வாங்க, உங்கட வாசிப்புப் பிடிச்ச மகள், விக்கிற விளம்பரத்தைப் பார்த்ததில இருந்து சாப்பிடவும் இல்ல,” என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன அந்த அம்மா, வாசல் படலையில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அது வீரகத்தி காட்டிய படத்தில் இருந்த அதே சிரிப்பு.

“மறுகா, இனிமே ‘அம்மா’ எல்லாம் வேணாம். மாமி எண்டு கூப்பிடுங்க.”