மேயர் செலவில் கல்யாணம்

கவித்தே நகரில் தெரு மானத்தையே தலையில் சுமக்கும் நெனா, கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழ்வதாகத் தெருவே பேசும் லிகாயா-ரோடெல் ஜோடியின் பெயர்களை மேயரின் இலவசக் கூட்டுக் கல்யாணப் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

லிகாயா பாய்ந்து வந்தாள். "யாரைக் கேட்டு எழுதுனீங்க? முதல்ல அதை அடிங்கக்கா!"

"மோதிரம்கூட மேயரே தர்றாருடி! கவுனுக்கு நான் பொறுப்பு."

"மாட்டேன்னா மாட்டேன்."

"இப்படியேதான் அவன்கூட இருப்பியா? வெக்கமா இல்ல?"

"இல்ல."

"பாதிரியார் காதுக்குப் போனா?"

"எங்க ஊர்ப் பாதிரியார்தான் மூணு வருஷம் முன்னாடியே எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாரே!"

"அப்புறம் ஏன்டி மறைக்கறீங்க?" என்றாள் நெனா.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே ஃபேக்டரி. புருஷன் பொண்டாட்டின்னு தெரிஞ்சா அங்க ஒருத்தர் வேலையை விடணுமாம். எதுக்கு விடணும்? நீங்க வழக்கம்போல எங்களைத் திட்டிக்கிட்டே இருங்க. கொஞ்சம் சத்தமா. மேனேஜர் வீடு அடுத்த தெருதான்."