பத்தாயிரத்து ஒன்றாவது மணி

திரவத்தில் மிதக்கும் நுண்மணிகள் படிகமாக அடுக்கிக்கொள்வதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. பத்தாயிரம் மணி அடுக்கியிருந்தாள். காலையில் பார்த்தால் பத்தாயிரத்து ஒன்று.

“கூடுதலா வந்தது எதும்மா?” என்றார் பேராசிரியர்.

“கண்டுபிடிக்க முடியாது சார், எல்லாம் ஒரே அச்சு. வந்தது ஒரு இடத்துல உக்காந்துக்கும். அங்க இருந்தது வெளிய வந்து பக்கத்து மணியோட இடத்தைப் பிடிக்கும். அது அதுக்கு அடுத்ததை…”

“வந்தது தங்கிடுது, இருந்தது தெருவுல நிக்குது!” இருவரும் சிரித்தார்கள்.

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்தாள். சாப்பாட்டு மேசையின் மூன்று நாற்காலியிலும் ஆள் இருந்தது. கணவன், மகள், அவளுடைய நாற்காலியில் முதுகைக் காட்டியபடி ஒருத்தி.

“அம்மா, வாசல்ல யாரோ நிக்கிறாங்க,” என்று மகள் அந்த ஒருத்தியிடம் சொன்னாள்.

கணவன் எழுந்து வந்தான். “யாருங்க வேணும்?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

பக்கத்து வீடு திறந்திருந்தது. வீட்டுக்காரி அடுப்படியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி காலி. வேண்டாம் வேண்டாமென்று மனசு அடித்துக்கொள்ள, கால் உள்ளே போனது. உட்கார்ந்தாள்.

“அம்மா, தண்ணி குடு,” என்றது அந்த வீட்டுக் குழந்தை, அவளைப் பார்த்து.

கரண்டியும் கையுமாக வெளியே வந்த வீட்டுக்காரியை அந்தக் குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை.