ஓரத்துண்டு

"திருடி கையில ரொட்டியைக் குடுத்தா வேற என்ன நடக்கும்?" என்று சீறினாள் ஸ்டெஃபா.

ரொமானா தீட்டிய கரண்டிக் காம்பால் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

போருக்கு முன் அவள் வார்சா சந்தையில் பிக்பாக்கெட். ஸ்டெஃபாவோ நீதிபதியின் மனைவி. ஜெர்மன்காரர்களின் கைதி முகாமில் இருவருக்கும் ஒரே கோடு போட்ட சட்டை, இழுக்க ஒரே ரோடு உருளை. நாள் முழுக்க இழுத்தால், கூட இழுக்கும் ஜிதா, கேசியாவையும் சேர்த்து நாலு பேருக்கு அரை ரொட்டி.

பங்கு போடுவதில் வஞ்சனை கூடாது. அதனால் ஜிதா திரும்பி நின்றுகொள்வாள். ரொமானா ஒரு துண்டைத் தூக்கி, "இது யாருக்கு?" என்பாள். ஜிதா பார்க்காமலே ஒரு பெயர் சொல்வாள்.

எல்லோர் கண்ணும் ஓரத்துண்டின் மேல்தான். கெட்டியாக இருக்கும், மெல்ல நேரம் பிடிக்கும், வயிறு கொஞ்சம் ஏமாறும். அது தனக்கு விழுந்தால் ஸ்டெஃபா சிலுவை போட்டுக்கொள்வாள். அது ஜெபத்தின் பலன். அடுத்தவளுக்கு விழுந்தால்தான் சந்தேகம்.

"பக்கத்துப் படுக்கைக்காரி பாத்திருக்கா! ஓரத்துண்டைத் தூக்கறப்போ இவ பலகையில ரெண்டு தட்டு தட்டறா. உடனே ஜிதா ஒரு பேர் சொல்றா. கூட்டுக் களவாணிங்க! விஷக்காய்ச்சல்ல செத்துப் பொழச்சவ நான். நாளைக்கு உருளைகிட்ட விழுந்தேன்னா ஜெர்மன்காரன் அங்கயே சுட்டுப் போடுவான். என் வாயில மண்ணைப் போடறீங்களேடி!"

"தட்டினது நிஜந்தான்" என்றாள் ரொமானா.

"வெக்கமே இல்லாம ஒத்துக்கறா பாரு! இனிமே நான்தான் பேர் சொல்லுவேன். நியாயம்னா என்னன்னு எங்க வீட்டுல பாத்தவ நான்."

ஜிதா ஏதோ சொல்ல வந்தாள். ரொமானா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஸ்டெஃபா திரும்பி நின்றாள்.

"இது யாருக்கு?"

"கேசியாவுக்கு!"

ஓரத்துண்டு கேசியாவிடம் போனது. ஸ்டெஃபாவுக்கு நடுத்துண்டு. ஆனாலும் முகத்தில் பெருமிதம்.

"பாவம்டி நீ. இவ தட்டின நாள்ல என்னிக்காவது இது உனக்கு விழுந்திருக்கா?"

"இல்ல. எனக்கும் விழல, ஜிதாவுக்கும் விழல, ரொமானாவுக்கும் விழல" என்றாள் கேசியா. "காய்ச்சல் விட்டு நீ எழுந்து வந்தியே, அன்னிலேர்ந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டறா. திருடி குடுக்கறதுன்னு தெரிஞ்சா நீ திங்க மாட்டியேன்னுதான் சொல்லல."

சொல்லிவிட்டு, ஓரத்துண்டைக் கடித்தாள்.