நேராக்கிய தாளம்

"பழைய கம்ப்யூட்டர் உயிர் பிழைச்சிடுச்சு சார். ஃப்ளாப்பில உங்க வீட்டம்மா கீபோர்டுல வாசிச்ச பாட்டும் பத்திரமா இருக்கு," என்றார் மெக்கானிக்.

"அதைக் கேட்டாப் போதும். போடுங்க," என்றார் கணவர்.

பாட்டு ஓடியது. ஒவ்வொரு ஸ்வரமும் கடிகார முள் மாதிரி பிசகாமல் விழுந்தது.

"பதினோரு இடத்துல விரல் பிந்தியிருந்துச்சு. அந்த மியூசிக் சாஃப்ட்வேர்லயே எல்லாத்தையும் நேராக்கி, பழசு மேலயே பதிஞ்சிட்டேன். அம்மாவுக்கு என் அன்பளிப்பு."

"பழையபடி ஆக்க முடியுமா?"

"முடியாதே சார். பிடிக்கலைன்னா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, இன்னொரு தடவை வாசிக்கட்டும்."

"அவ போய்ச் சேர்ந்து இருபது நாளாச்சு தம்பி."

முப்பது வருடமாக, 'தாளம் தப்புது பாரு' என்று அவளைக் கேலி செய்தவர், தப்பாத தாளத்தை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசிப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.