பிளாஸ்டிக் மீன்

ஒரு வார டூர் முடிந்து வந்த கணவனின் சூட்கேஸிலிருந்து அழுக்குத் துணியை எடுத்தபோது இளவரசியின் விரலில் சுருக்கென்று குத்தியது. பார்த்தால், தூண்டிலில் மாட்டுகிற பிளாஸ்டிக் மீன். வயிற்றில் கொக்கி.

"கான்பூர் ஆடிட் எப்படி இருந்துச்சு?"

"ஒரே வெயில். நம்ம டெல்லி ஜனக்புரியே தேவலாம்" என்றான் ஜெகன்.

"அச்சா. கான்பூர்ல கடல் இருக்கா?"

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"மீன் புத்தம் புதுசு, கொக்கி மட்டும் ஒரே வாரத்துல துருப்பிடிச்சிருக்கு. உப்புத் தண்ணி! நான் பாண்டிச்சேரிக்காரி, என்கிட்டயேவா? யாரோட போனீங்க? அவ பேரைச் சொல்லுங்க!"

"அவ இல்ல, அவர். பாண்டி கடல் பாலத்துல தினமும் மீன் பிடிக்கிறாரே, உங்கப்பா."

இளவரசி கையிலிருந்த மீனைத் திருப்பிப் பார்த்தாள். வீட்டை எதிர்த்து இவனைக் கட்டிக்கொண்ட இந்த ஆறு வருஷத்தில், அவள் போட்ட கடிதங்களை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தார்.

"ரெண்டு நாள் அவர் பக்கத்துலயே நின்னு இந்த மீனை வீசினேன். திரும்பிக்கூடப் பார்க்கல. மூணாவது நாள் அவருக்கே பொறுக்கல. ஒரு தடவைதான் வாயைத் திறந்தாரு. அதை நம்பி உன்கிட்ட சொல்லலாமான்னுதான் தெரியல."

"என்ன... சொன்னாரு?"

"'இவ்வளவு வேகமா இழுத்தா எந்த மீன் நம்பும்? விட்டு விட்டு இழுங்க, மாப்ள!'"